அறுவடையில்லாப் பயிர்: அமெரிக்க மக்காச்சோள நிலங்களில் மூடுபயிர்ச் சாகுபடி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுமேற்குப் பாகத்தில் அயோவா, இலினாய், இந்தியானா முதலிய மாகாணங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. உலகில் மக்காச்சோளமும் சோயா மொச்சையும் மிகுதியாக விளையும் பிரதேசங்களுள் இது தலைசிறந்தது. அயோவா ஒன்றிலேயே ஏறக்குறைய 1 கோடியே 30 இலட்சம் ஏக்கரில் மக்காச்சோளமும், 1 கோடி ஏக்கரில் சோயா மொச்சையும் பயிராகின்றன. ஒரு வருஷம் மக்காச்சோளம், மறு வருஷம் சோயா மொச்சை என்று இவ்விரண்டையும் மாற்றி மாற்றி விதைப்பதே அங்குப் பெரும்பாலோர் கையாளும் முறையாகும்.

இப்பிரதேசத்தில் பயிர்ப் பருவம் குறுகியது. ஏப்ரல் கடைசியிலிருந்து மே மாத நடுப்பகுதி வரையில் மக்காச்சோளம் விதைக்கப்படும். மே மாதத்தில் சோயா மொச்சை விதைக்கப்படும். செப்டம்பர் பிற்பகுதியில், அதாவது நம் கணக்கில் புரட்டாசியில், அறுவடை தொடங்கி, அக்டோபர், நவம்பர் மாதங்களில் முடிவடையும். அதன்பின் உறைபனி வந்துவிடும். ஆகவே வருஷத்தில் ஆறு ஏழு மாத காலம் அந்நிலங்களில் உயிருள்ள பயிர் யாதொன்றும் இருப்பதில்லை. விதைப்பு முடிந்த பின்னரும், பயிர் வளர்ந்து வரிசைகளின் இடைவெளியை மூடி நிழல் செய்வதற்கு ஜூன் மாதப் பிற்பகுதி ஆகிவிடும்.

இவ்வெற்று மாதங்களில் நிலத்தைப் போர்த்தி வைப்பதற்கென்றே விதைக்கப்படும் பயிருக்கு மூடுபயிர் என்று பெயர். அதைத் தானியத்திற்காக அறுப்பதில்லை. சந்தைக்குக் கொண்டு செல்வதுமில்லை. அடுத்த பயிரை விதைக்கும் தறுவாயில் அதை அழித்து நிலத்திலேயே விட்டுவிடுவார்கள். விலைக்கு வராத பயிருக்கு விதையும் கூலியும் செலவிடுவது தகுமா? தகுமாயின், எவ்வாறு செய்தால் தகும்? அச்செலவை உழுபவன் ஒருவனே ஏற்க வேண்டுமா? இவ்வினாக்களுக்கு அப்பிரதேசத்து விவசாயிகள் கண்டுள்ள விடைகள், நிலமுடையோர் யாவரும் அறியத்தக்கவை.

நிலம் வெறுமையான வரலாறு

அயோவாவின் கரிய மண், உயர்ந்த புல்வெளிகள் பல்லாயிரம் வருஷங்களில் உண்டாக்கிய மண்ணாகும். அப்புற்களுட் பல ஆளுயரத்திற்கு மேல் வளர்வன. அவற்றின் வேர்கள் பல அடி ஆழம் இறங்குவன. வருஷந்தோறும் அவ்வேர்களில் ஒரு பகுதி மடிந்து மக்கி மண்ணில் சேர்ந்ததனாலேயே மண் கருமையும் வளமும் பெற்றது. இலினாய் மாகாணத்தில் ஜான் டீர் என்னும் கொல்லர் 1837-ம் வருஷத்தில் எஃகுக் கொழு பொருத்திய கலப்பையைச் செய்தார். பிசுபிசுப்பான அம்மண் பழைய இரும்புக் கலப்பைகளில் அப்பிக்கொண்டு உழவைத் தடுத்து வந்தது. எஃகுக் கொழுவில் அது ஒட்டாமல் வழுக்கிச் சென்றது. பின்வந்த சில தலைமுறைகளுக்குள் புல்வெளிகள் யாவும் வயல்களாயின. அயோவாவில் இருந்த பழைய புல்வெளியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இன்று எஞ்சவில்லை.

எனினும் முற்காலத்து விவசாயிகள் நிலத்தை நெடுநாள் வெறுமையாய் விட்டாரில்லை. மக்காச்சோளத்திற்குப் பின் ஓட்ஸ் விதைப்பார்கள். அந்த ஓட்ஸின் அடியிலேயே குளோவர் என்னும் பயறினத் தீவனப் பயிரையும் விதைப்பார்கள். ஓட்ஸை அறுத்த பின் குளோவர் தழைத்து, அடுத்த குளிர்காலம் முழுவதும் நிலத்தை மூடிக்கொண்டிருக்கும். அது கால்நடைக்குத் தீவனமுமாகும், மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும். இரண்டாவது உலகயுத்தத்திற்குப் பின் இரசாயனத் தழைச்சத்து உரங்கள் மலிவாகக் கிடைக்கலாயின. ஏர் இழுத்த குதிரைகளின் இடத்தை எந்திரங்கள் பிடித்தமையால் ஓட்ஸுக்குத் தேவை குறைந்தது. சோயா மொச்சைக்கு நல்ல விலை கிடைத்தது. ஓட்ஸும் குளோவரும் வயல்களினின்று நீங்க, இரு பயிர் முறை நிலைபெற்றது.

பயிர் மாற்றத்தின் அவசியத்திற்குச் சான்று கூறும் பழைய பாத்திகள் இலினாய் சர்வகலாசாலை வளாகத்தில் இருக்கின்றன. 1876-ம் வருஷத்தில் ஏற்பட்ட அவற்றை மாரோ பாத்திகள் என்பர். அவற்றுள் ஒன்றில் தொடக்கமுதல் மக்காச்சோளம் மட்டுமே விளைவிக்கப்படுகிறது. மற்றவற்றில் பயிர்கள் மாற்றி விதைக்கப்படுகின்றன. தீவனப் பயிர் கலந்த பயிர் மாற்றமுள்ள பாத்தி, மக்காச்சோளமே விளையும் பாத்தியைவிட மேலான விளைவு தந்து வருகிறது. அப்பாத்திகளின்மேல் நிழல் விழலாகாது என்பதற்காகவே, அருகில் எழுப்ப வேண்டிய நூல்நிலையக் கட்டடத்தைச் சர்வகலாசாலையார் பூமிக்கடியில் கட்டினர்.

வெறும் நிலத்தால் விளையும் நஷ்டங்கள்

முதல் நஷ்டம் மண்ணரிப்பு. வசந்த காலத்து மழைகள் பலமானவை. அவை பெய்யும்போது நிலம் வெறுமையாகவோ, இளம்பயிருடனோ இருப்பதால், துளிகள் மண்கட்டிகளைச் சிதறடித்து நீரோட்டத்தில் சேர்க்கின்றன. 2021-ம் வருஷத்தில் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, மக்காச்சோளப் பிரதேசத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நிலம் கரிய மேல்மண்ணை முற்றிலும் இழந்துவிட்டது. மேட்டு நிலங்களில், சரிவின் தலைப்பாகங்களிலேதான் இவ்விழப்பு மிகுதி. அங்கு வெளிறிய அடிமண் கண்ணுக்குத் தெரியும்படி மேலெழுந்துவிட்டது.

இரண்டாவது நஷ்டம் கண்ணுக்குத் தெரியாதது. வசந்த காலத்தில் மண் சூடேறியதும், அதிலுள்ள நுண்ணுயிர்கள் மக்குப் பொருளைச் சிதைத்து நைட்ரேட்டு என்னும் உருவில் தழைச்சத்தை வெளிவிடுகின்றன. மக்காச்சோளம் அச்சத்தை மிகுதியாக உட்கொள்வதோ ஜூன், ஜூலை மாதங்களில்தான். இடைப்பட்ட வாரங்களில் அதை ஏற்க நிலத்தில் வேரே இல்லை. நைட்ரேட்டு நீரில் எளிதாகக் கரைந்து இறங்கிவிடும். அப்பிரதேசத்தில் தாழ்ந்த நிலங்களை வடியச் செய்வதற்காக மூன்று நான்கு அடி ஆழத்தில் வடிகுழாய்கள் பதிக்கப்பட்டுள்ளன. விவசாயி விலை கொடுத்து இட்ட உரத்தின் ஒரு பகுதியும், மண் தானே தந்த சத்தும் இக்குழாய்களின் வழியே ஓடைக்குச் சென்றுவிடுகின்றன.

ஓடையினின்று அது எங்கே செல்கிறது என்பதும் கவனிக்கற்பாலது. அயோவாவின் தலைநகராகிய டி மாய்ன், இருபுறத்து வயல்களின் வடிநீரை ஏற்றுவரும் டி மாய்ன், ரக்கூன் ஆறுகளினின்று குடிநீர் எடுக்கிறது. குடிநீரில் லிட்டர் ஒன்றுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட்டுத் தழைச்சத்து இருத்தலாகாது என்பது அந்நாட்டுச் சட்டம். அதனை நீக்குவதற்கென்றே 1990-களின் தொடக்கத்தில் அந்நகரத்தார் தனி எந்திரசாலை ஒன்றை நிறுவ நேர்ந்தது. 2015-ம் வருஷத்தில் நகரக் குடிநீர் நிர்வாகம், மேற்புறத்து மூன்று ஜில்லாக்களின் வடிகால் நிர்வாகங்களின்மீது வழக்குத் தொடுத்தது. 2017-ல் அவ்வழக்குத் தள்ளுபடியாயிற்று. வழக்குத் தீர்ந்ததேயன்றி நீர் தெளியவில்லை. 2025-ம் வருஷம் ஜூன் மாதத்தில் ஆறுகளில் நைட்ரேட்டு மிகுந்தமையால், வீட்டுப் புல்தரைகளுக்கு நீர் பாய்ச்சக் கூடாதென்று அப்பிரதேசத்து ஜனங்களுக்குத் தடைவிதிக்கப்பட்டது. மிசிசிப்பி நதி வழியே கடலை அடையும் சத்துக்களோ, மெக்சிகோ வளைகுடாவில் பாசியைப் பெருக்கி, அது அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயுவைக் குறைத்து, மீன்கள் வாழ இயலாத பரப்பை உண்டாக்குகின்றன. 2017-ம் வருஷத்தில் அப்பரப்பு 8,776 சதுர மைலாக அளக்கப்பட்டது.

ரை என்னும் தானியப் பயிர்

மூடுபயிராக அங்கு மிகுதியாக விதைக்கப்படுவது ரை. இது கோதுமையை ஒத்த புல்லினத் தானியம். குளிரைத் தாங்கும் ஆற்றலில் தானியப் பயிர்களுள் இதற்கு இணையில்லை. உறைநிலையைச் சற்றே கடந்த குளிரிலும் முளைக்கும். குளிர்காலத்தில் பனியின்கீழ் அடங்கிக் கிடந்து, வசந்தத்தின் தொடக்கத்திலேயே மீண்டும் தழைக்கும். அதன் சல்லிவேர்கள் மண்ணைப் பிணைத்துக்கொண்டு, வடிகுழாய்க்குச் செல்லவிருக்கும் நைட்ரேட்டை உறிஞ்சிக்கொள்கின்றன. அயோவா மாகாணத்தார் 2013-ம் வருஷத்தில் வகுத்த நீர்ச்சத்துக் குறைப்புத் திட்டத்தில், முன்னர் நடந்த பரிசோதனைகளை ஒருங்குவைத்துக் கணக்கிட்டதில், ரை மூடுபயிர் வடிநீரில் செல்லும் நைட்ரேட்டைச் சராசரியாக 100-க்கு 31 பங்கு குறைப்பதாகக் கண்டனர்.

விதைக்கும் முறைகள் இரண்டு. முதலாவது, அறுவடை முடிந்தவுடன் விதைக்கும் எந்திரத்தால் ஓர் அங்குல ஆழத்தில் வரிசையாக விதைப்பது. ஏக்கருக்கு 50 முதல் 60 பவுண்டு வரை விதை போதுமானது. விதை மண்ணில் நன்கு பதிவதால் முளைப்புச் சீராயிருக்கும். ஆனால் அறுவடை தாமதமானால், பனிக்கு முன் பயிர் வளர அவகாசமிராது. இரண்டாவது, நிற்கும் பயிரின்மேலேயே ஆகஸ்டுக் கடைசியிலோ செப்டம்பர் முற்பகுதியிலோ ஆகாய விமானத்தினின்று விதையைத் தூவுவது. சோயா மொச்சையின் இலைகள் மஞ்சளித்து உதிரத் தொடங்குவதற்குச் சற்று முன்னர்த் தூவினால், உதிரும் இலைகள் விதையை மூடி ஈரத்தைக் காக்கும். இம்முறையில் நாட்கள் மிச்சமாகும். ஆனால் விதை கூடுதலாக வேண்டும். தூவிய இரண்டு வாரத்திற்குள் மழை பெய்யாவிடில் விதை வீணாகும். முன்பயிருக்குத் தெளித்த களைக்கொல்லி மருந்துகளுட் சில மண்ணில் நெடுநாள் தங்கி மூடுபயிரின் முளையைக் கெடுக்கும் ஆதலால், எவ்வெம்மருந்து தெளிக்கப்பட்டது என்பதையும் விதைக்குமுன் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

ரையேயன்றி ஓட்ஸ், முள்ளங்கி, வெட்ச், குளோவர் முதலியனவும் விதைக்கப்படுகின்றன. ஓட்ஸும் முள்ளங்கியும் உறைபனியில் தாமே மடிந்துவிடும். வசந்தத்தில் அவற்றை அழிக்கும் வேலை இல்லை. ஆனால் அவை பயன்தருமளவு வளர வேண்டுமாயின் செப்டம்பர் நடுப்பகுதிக்குள் விதைத்தாக வேண்டும். வெட்ச், குளோவர் ஆகியவை பயறினமாதலால் காற்றினின்று தழைச்சத்தைக் கிரகித்துத் தருவன. எனினும் அயோவாவைப் போன்ற குளிர்ப் பிரதேசங்களில், அறுவடைக்குப் பின் விதைத்தால் அவை போதிய அளவு வளர்வதில்லை.

அழிக்கும் காலமே முக்கியம்

மூடுபயிரால் நஷ்டமடைந்தவர்களின் அனுபவத்தை ஆராய்ந்தால், பெரும்பாலும் பிழை விதைப்பில் அன்று, அழிப்பதில் நேர்ந்திருப்பது புலனாகும். ரையை எப்போது அழிப்பது என்பது அடுத்து வரும் பயிரைப் பொறுத்தது.

மக்காச்சோளத்திற்கு முன் ரையை அழிப்பதற்கு வசந்தத்தில் கிடைக்கும் காலம் குறைவு. மக்காச்சோளம் விதைப்பதற்குப் பத்து முதல் பதினான்கு நாட்களுக்கு முன்பே ரையை அழித்துவிட வேண்டும் என்பது அங்குள்ள பொது விதி. இதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, ரை முற்ற முற்ற அதில் தழைச்சத்தின் விகிதம் குறைந்து, நாரும் கரிப்பொருளும் பெருகும். கரிப்பொருள் 24 பங்குக்குத் தழைச்சத்து 1 பங்கு இருந்தால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் தழையை எளிதில் செரித்துவிடும். அதனினும் கரிப்பொருள் மிகுமாயின், அவை மண்ணிலுள்ள தழைச்சத்தையும் எடுத்துத் தம்முடலில் வைத்துக்கொள்ளும். இளம் மக்காச்சோளம் மஞ்சளித்து நிற்கும். இரண்டாவது, மடியும் ரையின் வேர்களில் பித்தியம் முதலிய பூசணங்கள் பெருகி, அருகில் முளைக்கும் மக்காச்சோள வேர்களுக்கும் தாவும். இவ்விரு பயிர்களும் ஒரே புல்லினத்தைச் சேர்ந்தவையாதலால் இவ்வபாயம் உண்டு. மூன்றாவது, மழை குறைந்த வசந்தத்தில், வளர்ந்த ரை மண்ணீரத்தை உறிஞ்சிவிடும். இக்குறைகளைத் தவிர்க்க, முன்கூட்டி அழிப்பதுடன், விதைக்கும்போதே ஏக்கருக்கு 30 முதல் 50 பவுண்டு வரை தழைச்சத்தை விதை வரிசைக்கு அருகில் இடும்படி விவசாய நிபுணர்கள் சொல்கின்றனர்.

சோயா மொச்சைக்கு முன்னோ இவ்வளவு அச்சம் வேண்டா. அது பயறினமாதலால் தனக்கு வேண்டும் தழைச்சத்தின் பெரும்பகுதியை வேர் முண்டுகளின் வாயிலாகத் தானே தேடிக்கொள்ளும். ஆகவே பலர் ரையை நிற்கவிட்டு, பச்சைப் பயிரினூடேயே சோயா மொச்சையை விதைத்துப் பின்னர் ரையை அழிக்கின்றனர். ரை பூக்கும் பருவத்தில் கனத்த உருளையால் அதைச் சாய்த்துத் தண்டுகளை நசுக்கிவிட்டால், மருந்தில்லாமலே மடிந்துபோகும். பூப்பதற்கு முன் உருட்டினால் மீண்டும் எழுந்துவிடும். ஏனையோர் கிளைபோசேட்டு முதலிய களைக்கொல்லிகளைத் தெளிக்கின்றனர். ரை சுறுசுறுப்பாக வளரும் இதமான நாட்களில் தெளித்தால்தான் மருந்து நன்கு வேலை செய்யும்.

இவ்வாறு விடப்பட்ட தழைப் போர்வை களைகளையும் அடக்குகிறது. தண்டுக்கீரையின் இனத்தைச் சார்ந்த வாட்டர்ஹெம்ப் என்னும் களை அப்பிரதேசத்துச் சோயா மொச்சை வயல்களைப் பெரிதும் வருத்துகிறது. ஒரே செடி இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட விதைகளை உதிர்க்கவல்லது. பலவகைக் களைக்கொல்லிகளுக்கும் அடங்காத வகைகள் அதில் தோன்றிவிட்டன. அதன் விதை மிகச் சிறியது. வெளிச்சம் பட்டால்தான் நன்கு முளைக்கும். தடித்த ரைப் போர்வையின்கீழ் வெளிச்சமின்மையால் அதன் முளைப்புக் குறைகிறது. மெல்லிய போர்வையால் இப்பயன் கிடையாது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சோயா மொச்சை முந்தி அறுவடையாவதால், அதன்பின் ரை விதைக்க நாட்கள் கிடைக்கின்றன. ஆனால் அந்நிலத்தில் அடுத்து வருவது மக்காச்சோளம், அதாவது ரையால் தொல்லையுறும் பயிர். மக்காச்சோளம் பிந்தி அறுவடையாவதால் அதன்பின் ரை விதைக்க நாட்கள் குறைவு. ஆனால் அடுத்து வருவது ரையைத் தாங்கிக்கொள்ளும் சோயா மொச்சை. அனுபவமுள்ளோர் கூறும் வழி யாதெனில், புதிதாகத் தொடங்குவோர் சில வயல்களில் முந்தி முதிரும் மக்காச்சோள இரகத்தை விதைத்து, அதை அறுத்தவுடன் ரை விதைத்து, அடுத்து சோயா மொச்சை பயிரிடுவதேயாம். மக்காச்சோளத்திற்கு முன் மூடுபயிர் வைக்க விரும்புவோர், தானே மடியும் ஓட்ஸைக் கொண்டு முதலிற் பழகுவது நலம்.

வரவு செலவுக் கணக்கு

விதைக்கும் விதைப்புக் கூலிக்கும் சேர்த்து ஏக்கருக்குச் சுமார் 35 முதல் 40 டாலர் வரை செலவாகிறது. வசந்தத்தில் அழிக்கும் செலவு, வழக்கமான களைக்கொல்லித் தெளிப்புடன் சேர்ந்துவிடுமாயின் தனியே இராது.

விளைச்சலைப் பற்றி உள்ள உண்மையை மறைத்தலாகாது. 2023-ம் வருஷத்தில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஆகாயத்தில் சுற்றும் செயற்கைக் கோள்கள் எடுத்த படங்களைக்கொண்டு பல்லாயிரம் வயல்கள் ஒப்பிடப்பட்டன. மூடுபயிர் விதைத்த வயல்களில் மக்காச்சோளம் சராசரியாக 100-க்கு 5.5 பங்கும், சோயா மொச்சை 100-க்கு 3.5 பங்கும் குறைந்திருந்தன. நல்ல வளமுள்ள நிலங்களிலும், வசந்த மழை குறைந்த இடங்களிலும் இக்குறைவு மிகுதியாயிருந்தது. ஏக்கருக்கு 200 புஷல் விளையும் நிலத்தில் 100-க்கு 5.5 பங்கு என்பது 11 புஷல். புஷல் 4 டாலர் என்று வைத்துக்கொண்டால் 44 டாலர் நஷ்டம். விதைச் செலவையும் சேர்த்தால் ஏக்கருக்குச் சுமார் 80 டாலராகும்.

ஆயினும் இது சராசரிக் கணக்கு. அயோவாவில் விவசாயிகளே தங்கள் வயல்களில் 2008-ம் வருஷம் முதற்கொண்டு பல ஆண்டுகள் நடத்திய ஒப்பீட்டுப் பரிசோதனைகளில், ரைக்குப் பின் விதைத்த பயிர்களின் விளைச்சல் பெரும்பாலும் மற்றப் பாகங்களின் விளைச்சலுக்குச் சமமாகவே இருந்தது. குறைவு நேர்ந்த இடங்களிற் பெரும்பாலும் தொடக்க வருஷங்களில், அழிக்கும் காலமும் விதைக்கும் எந்திரத்தின் அமைப்பும் பழக்கத்தில் வராத நிலையில் நேர்ந்தது. ஆகவே இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல. திறமையோடு செய்வோர்க்கு நஷ்டமில்லாமற் போகலாம். பழக்கமின்றிச் செய்வோர்க்கு நஷ்டம் நேர்வது இயல்பு. முதல் வருஷத்திலேயே முழுப் பண்ணையிலும் விதைப்பது விவேகமாகாது.

வரவுக்கு வழிகளும் உண்டு. மாடு வளர்ப்போர் ஏப்ரல் மாதத்தில் ரையில் மேயவிட்டால் அவ்வளவு வைக்கோல் செலவு மிச்சம். களை மிகுந்த சோயா மொச்சை வயல்களில் ஒரு முறை மருந்து தெளிப்பது குறையலாம். சரிவான நிலங்களில் நீர் வெட்டிய ஓடைகளை நிரவும் செலவு மிச்சமாகும். இவையின்றி, மேடுபள்ளமற்ற வளமான நிலத்தில் தானியம் மட்டும் விற்பவனுக்கு, ஒரு வருஷக் கணக்கில் மூடுபயிர் இலாபம் தருவது அரிது. மண்ணின் மக்குச்சத்துப் பெருகுவதும், அதன் ஈரம் தாங்கும் தன்மை உயர்வதும் பல வருஷங்களில் மெல்ல நிகழ்வன.

செலவை யார் ஏற்பது

அயோவாவில் விவசாய நிலத்தில் பாதிக்கு மேல் குத்தகையில் உழப்படுகிறது. அம்மாகாணச் சட்டப்படி குத்தகை வருஷம் மார்ச்சு 1-ந் தேதி முடியும். முந்திய செப்டம்பர் 1-ந் தேதிக்குள் எழுத்துமூலம் அறிவிப்புக் கொடாவிட்டால் மறு வருஷமும் குத்தகை நீடிக்கும். விமானத்தினின்று மூடுபயிர் தூவ ஏற்ற காலமோ ஆகஸ்டுக் கடைசி. அடுத்த வருஷம் நிலம் தன்னிடம் இருக்குமோ இராதோ என்று அறியாத குத்தகைதாரன், ஏக்கருக்கு 40 டாலர் செலவிட்டு விதை தூவத் துணிவானா? துணிந்தாலும், ஐந்து ஆறு வருஷங்களில் மண்ணில் சேரும் பயனை அடைபவர் நிலத்துக்குச் சொந்தக்காரரே. மண்ணரிப்பால் மதிப்புக் குறைவதும் அவருடைய சொத்தே. ஆகையால் சில நிலச்சொந்தக்காரர்கள் விதைச் செலவில் பாதியை ஏற்கவோ, குத்தகையைப் பல வருஷங்களுக்கு எழுதித் தரவோ முன்வருகின்றனர். மூடுபயிரைப் பற்றிய உடன்படிக்கைகளுள் இவையே பயன் மிக்கவை.

சர்க்காரும் ஒரு பங்கை ஏற்கின்றனர். முதன்முறை விதைப்போர்க்கு மிகுதியாகவும், பழகியோர்க்குக் குறைவாகவும் உதவித்தொகை தரப்படுகிறது. 2017-ம் வருஷம் முதல் அயோவாவில், வேறு உதவித்தொகை பெறாமல் மூடுபயிர் விதைப்போர்க்குப் பயிர் இன்ஷூரன்ஸ் கட்டணத்தில் ஏக்கருக்கு 5 டாலர் குறைக்கும் ஏற்பாடு தொடங்கிற்று. நைட்ரேட்டை நீக்கும் எந்திரத்திற்குப் பணம் கொடுப்பவர்கள் நகரவாசிகள். அதனை வயலிலேயே தடுத்து நிறுத்துபவன் விவசாயி. ஆகவே பொதுப்பணத்தில் ஒரு பகுதி வயலுக்குச் செல்வது தானமன்று, கூலியே என்று கருதுவோர் பலர்.

இவ்வளவு இருந்தும் பரவுதல் மெதுவாகவே உள்ளது. அந்நாட்டு விவசாயக் கணக்கெடுப்புகளின்படி மூடுபயிர் விதைத்த பரப்பு 2012-ல் 1 கோடியே 3 இலட்சம் ஏக்கர். 2017-ல் 1 கோடியே 54 இலட்சம். 2022-ல் 1 கோடியே 80 இலட்சம். வளர்ச்சி உண்மையே, எனினும் மொத்தச் சாகுபடிப் பரப்பில் இது 100-க்கு 5 பங்குக்கும் குறைவு.

நமது பசுந்தாள் உரமும் மூடுபயிரும்

சணப்பு, தக்கைப்பூண்டு, கொளிஞ்சி ஆகியவற்றை நெல்லுக்கு முன் விதைத்துச் சேற்றில் மடக்கி உழும் வழக்கம் தமிழ்நாட்டார்க்குப் பழையது. மூடுபயிர் இதற்கு உறவாயினும் ஒன்றன்று. பசுந்தாளின் நோக்கம் அடுத்த பயிருக்கு உணவு தருவது. ஆகவே பூக்கும் தருணத்தில் மண்ணுள் அமிழ்த்தப்படுகிறது. மூடுபயிரின் முதல் நோக்கம் இருக்கும் மண்ணையும் சத்தையும் போகாமற் காப்பது. ஆகவே பெரும்பாலும் உழாமல் மேலேயே விடப்படுகிறது. நம் நாட்டுச் சணப்பே ஹவாய்த் தீவில் தேர்ந்தெடுக்கப்பட்டு, டிராபிக் சன் என்னும் பெயரால் வெளியிடப்பட்டு, அமெரிக்காவின் வெப்பப் பாகங்களில் கோடைக்கால மூடுபயிராக விதைக்கப்படுகிறது. குளிரைத் தாங்காதாகையால் அயோவாவின் குளிர்காலத்துக்கு அது ஏற்றதன்று. ஆகவே அயலாரின் பயிரை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், நிலம் எந்த மாதங்களில் வெறுமையாய் உள்ளது, அம்மாதங்களில் மழை எவ்வளவு, அடுத்து வரும் பயிர் எது என்னும் மூன்றையும் ஆராய்ந்தே பயிரைத் தேர்தல் வேண்டும்.

நினைவிற் கொள்ளத்தக்கவை

1. முதல் வருஷத்தில் ஒரு சிறு பாகத்தில் மட்டும் விதைத்து, விதையாத பாகத்துடன் விளைச்சலை ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

2. மக்காச்சோளத்திற்கு முன் ரையை முந்தி அழித்து, விதைக்கும்போதே சிறிது தழைச்சத்து இட வேண்டும். சோயா மொச்சைக்கு முன் பொறுத்து அழிக்கலாம்.

3. வசந்தத்தில் மழை குறைந்தால், நாட்காட்டியைப் பாராமல் ஈரத்தைப் பார்த்து உடனே அழிக்க வேண்டும்.

4. சரிவான நிலம், களை மிகுந்த நிலம், மாடுகள் மேயும் பண்ணை ஆகியவற்றில் தொடங்கினால் செலவு முந்தித் திரும்பும்.

5. குத்தகை நிலத்தில் விதைப்பதானால், செலவுப் பங்கையும் குத்தகைக் காலத்தையும் விதைக்குமுன் எழுத்தில் முடித்துக்கொள்ள வேண்டும்.

அறுவடைக்கு வராத பயிரின் ஆதாயம் களஞ்சியத்திற் காணப்படாது. போகாமல் நின்ற மண்ணிலும், ஓடையிற் கலவாத சத்திலுமே அது காணப்படும். அதனைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் நிலச்சொந்தக்காரரும், அச்செலவைத் தனியே சுமக்காத உழவனும் சேர்ந்த இடத்தில்தான் மூடுபயிர் நிலைத்து நிற்கிறது.